மிடறும் குரல்வளையும்: என் குரல் போன ஒரு வருடம்

2017 அக்டோபரில் காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள். முதல் பாடவேளை ஒன்பதாம் வகுப்பு. மனப்பாடச் செய்யுளை வாசித்துக்காட்டுவதற்காக வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. மறுபடியும் முயன்றேன். கதவிடுக்கில் காற்று நுழைவதுபோல ஒரு சீறல். அதற்குமேல் ஒன்றும் இல்லை. 62 பிள்ளைகள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து வந்து, தன் தண்ணீர்ப் பாட்டிலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். செய்யுளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். 23 வருட வேலையில் பாடவேளை நடக்கும்போது நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளி எங்களுடையது. என் வகுப்புக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மேலே மூன்று மின்விசிறிகள், அதில் ஒன்று எப்போதும் கடகடவென்று அடித்துக்கொள்ளும். சன்னலுக்கு வெளியே பத்தடி தூரத்தில் பஸ் போகும் சாலை. நாளுக்கு ஆறு பாடவேளை, சில நாட்களில் ஏழு. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்றால் கத்தித்தான் ஆக வேண்டும் என்று நினைத்திருந்தேன். என் குரலைப் பற்றிப் பெருமையும் உண்டு. "தமிழம்மா குரல் கேட்டால் பக்கத்து வகுப்பும் அடங்கிவிடும்" என்று மற்ற ஆசிரியர்கள் சொல்வார்கள்.

குரல் ஒரே நாளில் போய்விடவில்லை. ஜூன் மாதமே மாலை நேரங்களில் கரகரப்பு வந்தது, காலையில் சரியாகிவிட்டது. ஜூலையில் காலையிலும் கரகரப்பு. ஆகஸ்டில் மேல்சுருதிக்குப் போனால் குரல் நடுவில் அறுந்தது. பாட்டு வரும் இடங்களைப் பேசியே ஒப்பேற்றினேன். செப்டம்பரில் தொலைபேசியில் பேசிய தங்கை, "யார் பேசுவது?" என்று கேட்டாள். இத்தனை அறிகுறிகளையும் நான் ஒரே சொல்லில் அடக்கி வைத்திருந்தேன்: தொண்டை கட்டியிருக்கிறது.

தொண்டைக் கட்டுக்கு எங்கள் வீட்டில் என்னென்ன உண்டோ அத்தனையும் செய்தேன். மிளகுப்பால், பனங்கற்கண்டு, அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்வது, சித்தரத்தைக் கஷாயம், உப்புநீர்க் கொப்பளிப்பு. ஊரில் இருந்த ஒரு மருத்துவர் நாக்கை அழுத்தி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "லேசாகச் சிவந்திருக்கிறது" என்று ஆன்டிபயாடிக் எழுதித் தந்தார். மூன்று மாதத்தில் மூன்று தடவை அதே மாத்திரை. ஒவ்வொரு தடவையும் ஐந்து நாள் சாப்பிட்டேன். ஒன்றும் மாறவில்லை.

ஏன் மாறவில்லை என்பது இப்போது எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வாயைத் திறந்தால் தெரிவது தொண்டையின் பின்சுவர். குரல் பிறக்கும் இடம் அதற்கும் கீழே, நாக்கின் அடிவேரைத் தாண்டி, கழுத்தின் முன்பக்கத்தில் இருக்கிறது. எத்தனை டார்ச் அடித்தாலும் அது தெரியாது. தொண்டைக்குள் இறங்கியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது: பின்னால் உணவுக்குழல், முன்னால் மூச்சுக்குழல். மூச்சுக்குழலின் வாசலில் உட்கார்ந்திருப்பது குரல்வளை. நாம் விழுங்கும் எதுவும் அந்த வாசலில் நுழைந்துவிடக் கூடாது. விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை மேலே எழும்பி, அதன் மூடி சாய்ந்து, உள்ளே இருக்கும் குரல் நாண்களும் இறுக மூடிக்கொள்கின்றன. காவல் ஒரு கணம் தவறினால் புரையேறுகிறது. "யாரோ நினைக்கிறார்கள்" என்று தலையில் தட்டுகிறோமே, அப்போதுதான் ஒரு துளி அந்தப் பக்கம் போயிருக்கிறது. பேசுவதற்காக உண்டான உறுப்பு அல்ல குரல்வளை. மூச்சைக் காப்பதுதான் அதன் முதல் வேலை.

அப்படியானால் மூன்று மாதமாக நான் குடித்த மிளகுப்பால் எங்கே போனது? வயிற்றுக்கு. குரல் நாண்களின்மேல் அதில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. பட்டிருந்தால் இருமியே துடித்திருப்பேன். தொண்டைக்கு இதமாக இருந்தது என்பது உண்மை. சளிப் பிடித்த தொண்டைக்கு இன்றும் எங்கள் வீட்டில் மிளகுப்பால்தான். ஆனால் என் நோவு இருந்தது வேறு வாசலில்.

இரண்டு வாசலுக்கும் சேர்த்து நாம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம். தொண்டை வலி, தொண்டை கட்டு, தொண்டை வறட்சி, தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். எல்லாமே தொண்டை. குரல்வளை என்ற சொல் நம்மிடம் இல்லாமல் இல்லை. ஆனால் அன்றாடப் பேச்சில் அது எங்கே வருகிறது என்று பாருங்கள். குரல்வளையை நெரித்தான், குரல்வளையைக் கடித்துக் குதறியது. சங்கு என்றும் சொல்கிறோம். அதுவும் அறுப்பதற்கும் நெரிப்பதற்கும்தான். பேசுவதற்கும் பாடுவதற்கும் உதவும் ஓர் உறுப்பை, கொலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் பெயர் சொல்லி அழைக்கிறோம். பத்திரிகைக் குற்றச் செய்தியில் நூறு தடவை படித்த சொல் இது. என் உடம்பில் அது இருக்கிறது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல் ஒரே ஒருமுறை மருத்துவர் வாயிலிருந்து வந்தது. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம். பெரியப்பா நாளுக்கு இரண்டு கட்டு பீடி குடிப்பார். ஆறு மாதத்துக்கும் மேலாகக் குரல் கம்மியிருந்தது. "பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மதுரைக்கு அழைத்துப் போனபோது, "குரல்வளையை எடுத்துவிட வேண்டும்" என்றார்கள். பெரியம்மா அந்த இடத்திலேயே மயங்கி விழுந்தார். கழுத்தையே அறுக்கப்போகிறார்கள் என்றுதான் அவர் புரிந்துகொண்டார்.

பெரியப்பா அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். அடிக்கழுத்தில் ஒரு துளை. மூச்சு முழுக்க அதன் வழியே. குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போகாமல் துண்டைக் குனிந்து பிடித்துக்கொள்வார். மூக்கு வழியே காற்றுப் போகாததால் வாசனை தெரியாமல் போயிற்று. பெரியம்மா வைத்த மீன் குழம்பை வெறும் உறைப்பாகச் சாப்பிட்டார். ஆடுகளை முன்பு பெயர் சொல்லிக் கூப்பிடுவார், பிறகு கை தட்டிக் கூப்பிடுவார். அவை வந்தன. பிள்ளைகள் நாங்கள்தான் கைதட்டலுக்குத் திரும்பிப் பார்க்கப் பழகச் சிரமப்பட்டோம்.

அதனால் அக்டோபரில் என் குரல் போனபோது நான் யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருந்தது எதற்கு என்று புரியும். அந்தப் பயமே என்னை இன்னும் இரண்டு வாரம் மருத்துவரிடம் போகவிடாமல் தடுத்தது. போனால் என்ன சொல்வார்களோ என்று போகாமல் இருந்தேன். பெரியப்பா செய்த அதே தவறு.

கடைசியில் என் கணவர் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனார். தொண்டையில் கசப்பான ஒரு மருந்தைத் தெளித்தார்கள். இரண்டு நிமிடத்தில் மரத்துப்போனது. நாக்கின் நுனியைப் பஞ்சுத்துணியால் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு, கேமரா பொருத்திய ஒரு கம்பியை வாய்க்குள் விட்டார். "ஈ என்று சொல்லுங்கள்" என்றார். நாக்கு அவர் கையில் இருக்கும்போது "ஈ" சொல்வது எளிதல்ல. முழுப் பரிசோதனையும் ஐந்து நிமிடம். வலி இல்லை, குமட்டல் கொஞ்சம்.

திரையில் என் குரலைப் பார்த்தேன். மேல்பக்கம் கூம்பி நின்ற இரண்டு வெள்ளைப் பட்டைகள். நாண் என்று பாடப்புத்தகத்தில் படித்ததால் யாழ் நரம்பைப்போல இருக்கும் என்று கற்பனை செய்திருந்தேன். அவை மடிப்புகள், ஈரமான சதை மடிப்புகள். ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் இருந்தால் அதிகம். மூச்சு விடும்போது விலகின, "ஈ" என்றதும் நெருங்கின. பெண்கள் பேசும்போது அவை நொடிக்கு 200 தடவைபோல ஒன்றோடொன்று மோதுகின்றன. கண்ணுக்கு அது பிடிபடாது என்பதால் விட்டு விட்டு மின்னும் ஒரு விளக்கை வைத்து, மெதுவாக அலையடிப்பதுபோலக் காட்டினார். ஸ்ட்ரோபோஸ்கோப்பி என்று அதற்குப் பெயர். அலை இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தடுக்கியது. அங்கே எதிரும் புதிருமாக இரண்டு மேடுகள், அரிசி நொய் அளவுக்கு. அவற்றால் மடிப்புகள் சரியாக மூட முடியவில்லை. இடுக்கில் கசிந்த காற்றுத்தான் வகுப்பில் பிள்ளைகள் கேட்ட சீறல்.

"கட்டியா?" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.

அவர் என் உள்ளங்கையைத் திருப்பச் சொன்னார். "மண்வெட்டி பிடிப்பவர் கையில் காய்ப்பு காய்த்திருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அதுதான் இது. காய்ப்பு. நீங்கள் உங்கள் குரலால் கொத்தியிருக்கிறீர்கள்" என்றார். இரண்டு பக்கமும் ஒரே அளவில், நீளத்தில் முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில், மோதல் மிகப் பலமாக இருக்கும் இடத்தில் வந்திருப்பதைக் காட்டினார். ஆசிரியர்களுக்கும் பாடகர்களுக்கும் கத்தி விளையாடும் சிறுவர்களுக்கும் இது சகஜமாம். "அறுக்க வேண்டுமா?" என்று எழுதினேன். பேசும் முறையை மாற்றாமல் அறுத்தால் திரும்பவும் காய்க்கும் என்றார். பேசும் முறையை மாற்றினால் பெரும்பாலும் அறுக்காமலே கரைந்துவிடும் என்றார்.

கட்டி என்ற சொல்லுக்கும் காய்ப்பு என்ற சொல்லுக்கும் நடுவே என் உயிர் ஊசலாடியது அந்த அறையில்தான். காய்ப்பு எனக்குத் தெரிந்த சொல். என் அப்பாவின் கையில் பார்த்த சொல். வேலையை நிறுத்திய கையில் காய்ப்பு தானாக உதிரும் என்றும் தெரியும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதே சொல்லைத்தான் சொன்னேன். அவரும் அன்று இரவு தூங்கினார்.

வேலையை நிறுத்தினால் உதிரும் என்பதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரம் மருத்துவ விடுப்புப் போட்டுவிட்டு முழு மௌனம். வீட்டில் எல்லாம் சிலேட்டும் சுண்ணாம்புக் கட்டியும். அவசரத்துக்குக் கிசுகிசுப்பேன். குரல் கொஞ்சம் தெளிந்தது. மகிழ்ச்சியோடு பள்ளிக்குப் போய் அதே கூரைக்குக் கீழே அதே குரலில் நான்கு நாள் பாடம் நடத்தினேன். ஐந்தாம் நாள் மறுபடியும் காற்று.

அதன்பிறகுதான் மருத்துவர் முதலிலேயே எழுதிக்கொடுத்திருந்த பேச்சுப் பயிற்சியாளரைத் தேடிப் போனேன். குழந்தைகளுக்குத் திக்குவாய் சரிசெய்பவர்கள் என்று நினைத்து அந்தத் தாளை மடித்து வைத்திருந்தேன். என் மாணவி வயதுடைய பெண். நான் மௌனம் இருந்த கதையைக் கேட்டுவிட்டு, "டீச்சர், காலில் தவறாக மிதித்துச் சுளுக்கிக்கொண்டவர் இரண்டு வாரம் படுத்திருந்துவிட்டு மறுபடியும் அதேபோல மிதித்தால் என்ன ஆகும்?" என்று கேட்டார். கிசுகிசுப்பதையும் விடச் சொன்னார். பலர் கிசுகிசுக்கும்போது குரல்வளையைச் சுற்றியுள்ள தசைகளை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார்களாம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், கழுத்தில் கை வைத்துக் காட்டினார். மெல்லிய, இயல்பான குரலில், குறைவாகப் பேசுவதே ஓய்வு.

முதல் வாரம் அவர் கொடுத்த வேலை எண்ணுவது. நான் எத்தனை தடவை செருமுகிறேன் என்று எண்ணச் சொன்னார். நான் செருமுவதே இல்லை என்றேன். என் மகள் ஒரு மாலை முழுக்க என் பின்னால் நடந்து கோடு போட்டாள். 41. ஒவ்வொரு செருமலும் அந்த இரண்டு மடிப்புகளையும் ஒன்றோடொன்று அறைகிறது. அறை வாங்கிய இடத்தில் வழவழப்பு ஊறுகிறது. அதைச் சளி என்று நினைத்து மறுபடியும் செருமுகிறோம். எனக்கு நிறுத்த முடியவில்லை. "செருமத் தோன்றும்போதெல்லாம் ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள்" என்றார்.

மிடறு. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தச் சொல்லை உருட்டிக்கொண்டே வந்தேன். இன்று நாம் அதைத் தண்ணீரை அளக்க மட்டும்தான் பயன்படுத்துகிறோம்: ஒரு மிடறு, இரண்டு மிடறு. ஆனால் நம் முன்னோருக்கு மிடறு என்பதுதான் கழுத்தின் உட்பக்கம், குரல் பிறக்கும் இடம். வாய்ப்பாட்டுக்கு மிடற்றுப் பாடல் என்று பெயர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழும் குழலும் வரும் வரிசையிலேயே மிடறும் வருகிறது, அதுவும் ஓர் இசைக்கருவி என்பதுபோல. நஞ்சைத் தேக்கிய சிவனை ஔவையார் புறநானூற்றில் "நீல மணி மிடற்று ஒருவன்" என்கிறார். தொல்காப்பியத்தின் பிறப்பியல் உயிரெழுத்துகளைப் பற்றிச் சொல்லும் நூற்பாவை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்:

பன்னீர் உயிரும் தந்நிலை திரியா
மிடற்றுப் பிறந்த வளியின் இசைக்கும்

பன்னிரண்டு உயிரெழுத்துகளும் மிடற்றில் பிறந்த காற்றால் ஒலிக்கும் என்று பொருள். 23 வருடம் இதைப் பாடம் நடத்தியிருக்கிறேன். மிடறு என்றால் கழுத்து என்று கரும்பலகையில் அருஞ்சொற்பொருள் எழுதிப் போட்டிருக்கிறேன். அதைக் கத்திக் கத்தி நடத்தித்தான் என் மிடற்றில் காய்ப்பு வந்தது.

இரண்டாம் வாரம் மூச்சு. படுத்துக்கொண்டு வயிற்றின்மேல் ஒரு புத்தகத்தை வைத்து, மூச்சு வாங்கும்போது புத்தகம் உயர வேண்டும் என்றார். என் தோள்தான் உயர்ந்தது. நான் இத்தனை வருடமும் மேல்நெஞ்சில் கொஞ்சம் காற்றை வாங்கி, அது தீர்ந்தபிறகும் வாக்கியத்தை முடிக்கக் கழுத்தை இறுக்கிப் பிழிந்திருக்கிறேன். "காற்று தொப்புளிலிருந்து கிளம்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள் டீச்சர்" என்றார் அந்தப் பெண். எனக்கு மெய்சிலிர்த்தது. "உந்தி முதலா முந்துவளி தோன்றி" என்றுதான் பிறப்பியல் தொடங்குகிறது. உந்தி என்றால் தொப்புள். அவருக்கு அந்த வரியைச் சொன்னேன், பொருளும் சொன்னேன். அவர் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் வாரம் முனகல். வாயை மூடி, பற்களை ஒட்டவிடாமல், "ம்ம்ம்" என்று மெதுவாக. உதடும் மூக்கின் மேட்டெலும்பும் அதிர வேண்டும், தொண்டையில் எதுவும் தெரியக் கூடாது. அதிர்வு பிடிபட்டதும் அதிலிருந்தே சொல்லுக்குப் போவது: ம்ம்மா, ம்ம்மழை, ம்ம்மணல், ம்ம்மலர். மெல்லினத்துக்கு இடம் மூக்கு என்று நன்னூல் சொல்கிறது. ஒலி முன்னால், முகத்தில் ஒலித்தால் குறைந்த மோதலில் நிறையக் கேட்கும் என்பதை என் காதே ஒப்புக்கொண்டது. சத்தம் கூடுவதற்குக் கழுத்தை இறுக்கத் தேவையே இல்லை.

எனக்கு மிக அதிகமாக உதவியது உறிஞ்சுகுழல். ஒரு டம்ளரில் பாதி தண்ணீர், அதில் உறிஞ்சுகுழலின் நுனி இரண்டு விரற்கடை மூழ்கும்படி வைத்து, "ஊ" என்று குரல் கொடுத்துக்கொண்டே குமிழி விடுவது. சுருதியை மெல்ல ஏற்றி இறக்க வேண்டும். வாயில் தேங்கும் காற்று திரும்பிக் கீழே அழுத்துவதால் மடிப்புகள் ஒன்றையொன்று அறையாமல் மெத்தென்று தொடுகின்றன. காலையில் ஐந்து நிமிடம், மதிய இடைவேளையில் இரண்டு நிமிடம். ஆசிரியர் அறையில் முதல் வாரம் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் வாரம் உடற்கல்வி ஆசிரியர் தனக்கும் ஒரு குழல் வாங்கி வந்தார். விசில் தொலைந்துபோனால் மைதானம் முழுக்கக் கத்துபவர் அவர்.

உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களில் எனக்குத் தனிச் சிக்கல் இருந்தது. "அமைதி!", "ஏய்!", "எழுந்திரு!" இவற்றை நான் சொல்லும்போது மடிப்புகள் இறுக மூடிக்கொண்டு, காற்று அவற்றை வெடித்துத் திறந்தது. வகுப்பை அடக்க நான் வைத்திருந்த சொற்கள் எல்லாம் உயிரெழுத்திலேயே தொடங்கின. முன்னால் ஓர் இழை மூச்சை விட்டுவிட்டுச் சொல்லப் பழகினேன். பிறகு அந்தச் சொற்களையே விட்டேன். இப்போது மேசையில் இரண்டு தட்டு. அதற்குள் அடங்கவில்லை என்றால் நான் பேசாமல் நிற்பேன். பெரியப்பாவின் ஆடுகள் கைதட்டலுக்குத் திரும்பியதுபோலப் பிள்ளைகளும் திரும்பினார்கள்.

வகுப்பறையிலும் மாற்ற வேண்டியவை இருந்தன. சுற்றிலும் இரைச்சல் கூடும்போது நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம். எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் இதைக் கவனித்து எழுதினார், அவர் பெயராலேயே இது வழங்குகிறது. எனவே, குரலைத் தாழ்த்த முயல்வதற்குமுன் இரைச்சலைத் தாழ்த்த வேண்டும். கடகடத்த விசிறிக்கு என் கைக்காசில் நூறு ரூபாய்க்கு ஒரு புஷ் மாற்றினோம். வாய்ப்பாடம் நடத்தும்போது சாலைப்பக்க சன்னலைச் சாத்தி, எழுத்துவேலை கொடுக்கும்போது திறந்துவிடுகிறேன். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசுவதை நிறுத்திவிட்டேன். எழுதி முடித்துத் திரும்பிய பிறகுதான் வாய் திறப்பேன். பிள்ளைகளுக்கு நடுவே போய் நின்றால் தூரம் பாதியாகிறது. இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறிய ஒலிபெருக்கி ஒன்றையும் வாங்கினேன், 1,400 ரூபாய். மைக் வைத்துப் பாடம் நடத்துவது கௌரவக் குறைவு என்று நினைக்கும் ஆசிரியர்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிப்பது கௌரவக் குறைவா?

சுண்ணாம்புத் தூசி பறக்கும் துடைப்பானை ஈரத்துணியாக்கினேன். இரவு சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்தேன். சாப்பிட்டதும் படுத்தால் வயிற்று அமிலம் மேலேறி வந்து குரல்வளையை நனைக்கும் என்றார் மருத்துவர். ஆவி பிடிப்பதை மட்டும் பழைய வைத்தியத்திலிருந்து தொடர்ந்தேன். மருந்து ஒன்றும் போடாத வெறும் வெந்நீர் ஆவி. மூச்சோடு உள்ளே போவதால் அது ஒன்றுதான் மடிப்புகளை நேரடியாகத் தொடுகிறது. குடிக்கும் தண்ணீரும் பயன்படுகிறது; ஆனால் அது வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்க ஈரப்படுத்தி, சுற்றுவழியில்தான் குரல்வளைக்கு வந்து சேர்கிறது. அதனால் வகுப்புக்குள் நுழைந்தபிறகு ஒரு பாட்டிலைக் காலி செய்து பயனில்லை. காலையிலிருந்தே குடிக்க வேண்டும். பெண் ஆசிரியர்கள் பலர் பள்ளியில் கழிப்பறை சரியில்லை என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோம். நானும் இருந்தேன். குரல் கெடுவதற்கு அது எவ்வளவு பெரிய காரணம் என்று யாரும் பேசுவதில்லை. இதை நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரியில் மறுபரிசோதனை. ஒரு பக்க மேடு காணவில்லை; மறுபக்கம் லேசான தடிப்பு. ஏப்ரலில் அதுவும் போயிற்று. ஆறு மாதம் பிடித்தது. பயிற்சியை விட்டுவிட்டு நாலு நாள் கத்தினால் இன்றும் மாலையில் கரகரப்பு எட்டிப்பார்க்கிறது.

குரல் கம்மிப் போய் மூன்று, நான்கு வாரம் ஆகியும் தெளியாதவர்கள் காத்திருக்காதீர்கள். குரல்வளையை நேரில் பார்க்கும் பரிசோதனை செய்யாமல் யார் மாத்திரை எழுதினாலும் "உள்ளே பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களும், விழுங்கச் சிரமப்படுகிறவர்களும், எச்சிலில் ரத்தம் கண்டவர்களும், கழுத்தில் புதிதாக ஏதேனும் தட்டுப்படுகிறவர்களும் அந்த மூன்று வாரம்கூடப் பொறுக்க வேண்டாம். மூச்சுத் திணறினால் அன்றே போக வேண்டும். குரல் மடிப்பில் தொடங்கும் புற்று மிகச் சிறியதாக இருக்கும்போதே குரலைக் கரகரக்கச் செய்துவிடும். அந்த நிலையில் பிடித்தால் பெரும்பாலும் குரல்வளையைக் காப்பாற்றியே குணப்படுத்துகிறார்கள். பெரியப்பாவின் குரல் ஆறு மாதம் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் பனி என்றோம். குரல்வளைக்குப் போகும் நரம்புகளில் இடப்பக்க நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு திரும்பக் கழுத்துக்கு ஏறுகிறது. அதனால் நெஞ்சில் இருக்கும் கோளாறுகூடச் சில சமயம் முதலில் குரலில் தெரியும். தைராய்டு அறுவை செய்துகொண்டவர்களுக்குக் குரல் மாறினாலும் அந்த நரம்பைத்தான் பார்ப்பார்கள்.

குரல் மடிப்புகள் அசைவதைத் தன் கழுத்திலேயே பார்த்து முறையாக எழுதிவைத்தவர் மருத்துவர் அல்லர், ஒரு பாட்டு வாத்தியார். மனுவேல் கார்சியா என்பவர். 1854இல் பாரீசில், பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடியை உள்நாக்கருகே வைத்து, கைக்கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பிவிட்டுப் பார்த்தார். மறு வருடம் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதை எழுதி அனுப்பினார். திரையில் என் மடிப்புகளைப் பார்த்த அன்று எனக்கு அழுகை வந்தது. அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்த ஜூனில் பிறப்பியலை வேறு விதமாக நடத்தினேன். எல்லோரையும் கழுத்தின் முன்பக்கத்தில் இரண்டு விரலை மெதுவாக வைக்கச் சொன்னேன். பையன்களில் சிலருக்கு அந்த வருடம்தான் மகரக்கட்டு உடைந்திருந்தது. குரல் கீச்சென்று தாவுவதற்குப் பயந்து வாயே திறக்காதவர்கள் அவர்கள். குரல்வளை வேகமாகப் பெரிதாகி மடிப்புகள் நீளும்போது அப்படித்தான் இருக்கும், அதை இழுத்துப் பிடிக்கத் தசைகள் பழக நாளாகும் என்று சொன்னேன். கழுத்தில் புதிதாகத் துருத்திக்கொண்டிருந்த குருத்தெலும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு "பாம்பு" என்று மெதுவாகச் சொல்லச் சொன்னேன். முதல் எழுத்தைத் தொடங்கும் கணத்தில் விரலில் ஒன்றும் தெரியாது. "ம்பு" என்னும் இடத்தில் அதிரும். இரண்டும் பகரம்தான். ஆனால் சொல்லின் முதலில் மிடறு சும்மா இருக்கிறது, மெல்லினத்துக்குப் பின்னால் மிடறு பேசுகிறது. ஒரு பெண் "தந்தம்" என்று சொல்லிப் பார்த்தாள். இன்னொருத்தி "கங்கு". பின்வரிசையில் யாரோ "டீச்சர், பட்டம் அதிரவில்லை, பண்டம் அதிருகிறது!" என்று எழுந்து நின்றான். அவன் குரல் நடுவில் உடைந்து கீச்சென்றது. அதைக் கவனிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. 60 பேரும் கழுத்தில் கை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது. பாம்பு, பாம்பு என்று சொல்லிக்கொண்டே வராந்தாவில் போனார்கள்.